அடியில் ஓடுகிற சத்தம்

என் காதிலிருந்து முதலில் போனது குயில். இப்படிச் சொன்னால் ஏதோ கவிதை சொல்கிறேன் என்று நினைப்பார்கள். கவிதையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மடவார் வளாகத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு வேப்பமரம். சித்திரை முழுக்க அதில் குயில் உட்கார்ந்துகொண்டு உயிரை வாங்கும். ஒரு வருஷம் அது கத்தவே இல்லை. "இந்த வருசம் குயிலையே காணோமேம்மா" என்றேன். அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். குயில் அப்போதும் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

அதன் பிறகு குக்கர் விசில் போனது, கொலுசு போனது, பால்காரர் சைக்கிள் மணி போனது. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எனக்கு வேலை. ரிங் பிரேம் என்கிற நூல் நூற்கும் மெஷினில் இழை அறுந்தால் ஓடி ஓடி ஒட்ட வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் விடியற்காலை பஸ். அந்த ஷெட்டுக்குள் போனால் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அதனால் மில்லுப் பெண்கள் எல்லோரும் சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்துப் பேசுவோம். சுடலையம்மாள் நாலு பிரேம் தள்ளி நின்று தன் மாமியாரைத் திட்டினால் ஒரு வார்த்தை விடாமல் எனக்குத் தெரியும். வெளியிலும் அந்த வித்தைதான் என்னைக் காப்பாற்றியது. ஆளின் உதட்டைப் பார்த்துப் பேசுவேன். புரியாத இடத்தில் சிரிப்பேன். சிரிப்பு போதாத இடத்தில் "ஆமா" என்பேன். தெருவில் எனக்கு அடக்கமான பெண் என்று பெயர். என் வாயைப் பற்றித் தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், "மில்லை விட்டுரும்மா, இருக்கிறதாவது மிஞ்சும்" என்றார். காதுக்கு ஒரு மெஷின் இருக்கிறது, பெட்டியை ரவிக்கையில் சொருகி வயரைக் காதில் மாட்டிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். மில்லை விட்டால் என்ன சாப்பிடுவதாம்? அதை அவர் சொல்லவில்லை. மெஷின் பேச்சை அம்மா அங்கேயே வெட்டிவிட்டாள். பஸ்ஸில் என் முகத்துக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்து, "கல்யாணம் முடியட்டும்டி. பொறவு ரெண்டு காதுலயும் ரேடியோப் பொட்டியவே மாட்டிக்கோ" என்றாள். அம்மா பெயர் சீனியம்மாள். பெயரில் மட்டும்தான் சீனி.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். பாட்டு போனதைத்தான் பொறுக்க முடியவில்லை. சின்ன வயதிலிருந்து வீட்டில் ரேடியோ பாடாத நேரம் நான் பாடிக்கொண்டிருப்பேன். இப்போது ரேடியோவில் தபேலா மட்டும் எங்கேயோ பக்கத்துத் தெருவில் அடிக்கிறது. பாடுகிறவர்களைக் காணோம். வயலினைக் காணோம். சோற்றை எடுத்துவிட்டு வெறும் இலையைப் போட்ட மாதிரி இருந்தது.

எண்பத்தொன்பதாம் வருஷம் அது. ராஜபாளையத்தில் நான் பஸ் ஏறுகிற இடத்துக்குப் பக்கத்தில் காசிராஜன் என்பவர் ஒரு ரிக்கார்டிங் சென்டர் வைத்திருந்தார். நமக்கு வேண்டிய பாட்டுகளைச் சொல்லிவிட்டு வந்தால் காலி கேசட்டில் பதிந்து தருவார். அம்மாவுக்குப் பிடித்த பழைய பாட்டுகளைச் சொல்லி ஒரு கேசட் வாங்கி வந்தேன். வீட்டில் போட்டேன். எனக்கு வழக்கம்போல ஒன்றும் இல்லை. அம்மா கீரை ஆய்ந்துகொண்டே தலையாட்டிக்கொண்டிருந்தாள். நான் டேப் ரிக்கார்டர் மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கேசட் முடிகிற இடத்தில் திடீரென்று என் உள்ளங்கையில் ஏதோ இடித்தது. அப்புறம் நெஞ்சில். அப்புறம், சாமி சத்தியமாகச் சொல்கிறேன், காதில். டும், டும் என்று ஒரே சீராக ஒரு இடி. அதற்கு அடியில் கனமாக ஒரு சத்தம் ஏறி இறங்கி ஊர்ந்து போனது. கூடவே கிணற்றுக்குள் நின்று பேசுகிற மாதிரி ஒரு ஆண் குரல். பாட்டு! முழுப் பாட்டு! முதலிலிருந்து கடைசி வரை எனக்குக் கேட்டது. அம்மா கீரையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "அது என்னட்டி எழவுப் பாட்டு, அமத்து அதை" என்று கத்தினாள். நான் அழுதுகொண்டிருந்தேன்.

கேசட்டில் நாம் சொன்ன பாட்டுகள் முடிந்த பிறகு கொஞ்சம் இடம் மிஞ்சும். மற்ற கடைக்காரர்கள் அதில் ஏதாவது பக்திப் பாட்டைப் பாதி போட்டு நிரப்புவார்கள். காசிராஜன் தனக்குப் பிடித்ததைப் போட்டு நிரப்புவார். அவருக்குப் பிடித்ததுதான் ஊருக்கு ஆகாது. அவருடைய கூட்டாளி ஒருவர் கப்பலில் வேலை பார்த்தார். கரை இறங்குகிற ஊரிலெல்லாம் புதுசாக வந்த கேசட்டுகளை வாங்கி அனுப்புவார். எல்லாம் மெஷின் பாட்டு. டிரம்மும் மெஷின், வாசிப்பதும் சிந்தசைசர் என்கிற கரண்ட் ஆர்மோனியம். பாடுகிறவனைப் பார்த்தால் வீட்டில் துக்கம் நடந்தவன் மாதிரி இருப்பான். கேசட் அட்டையில் கறுப்புச் சட்டையும் கண்ணில் மையுமாக நிற்பான். சாமி பாட்டு கேட்ட கிழவர்கள், கல்யாணப் பாட்டு கேட்ட மைக்செட்காரர்கள் எல்லோரும் கடைசியில் இதைக் கேட்டுப் பதறிப்போய்க் கடைக்கு வந்து சண்டை போடுவார்கள். எதிரில் டீக்கடை வைத்திருந்த சமுத்திரம் அண்ணாச்சிக்கு அதுதான் பொழுதுபோக்கு. "ஏலே காசி, காது கேக்காதவன்தாம்லே ஒம் பாட்டக் கேப்பான்" என்பார். கடையில் நிற்கிற அத்தனை பேரும் சிரிப்பார்கள்.

நான் போய் நின்றபோது காசிராஜன் என் கையிலிருந்த கேசட்டைப் பார்த்ததும் தானாகவே, "அழிச்சுத் தந்துருதேன்" என்று கையை நீட்டினார்.

"அழிக்கவா? கடைசிப் பாட்டு மாதிரி இன்னும் இருந்தா போட்டுத் தாங்க" என்றேன்.

அந்த மனுஷனுடைய முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அதிலிருந்து ஷிப்ட் முடிந்து பஸ் வருகிற வரை அந்தக் கடையில்தான் இருப்பேன். கப்பல்காரர் புதுசாக அனுப்பியதையெல்லாம் போட்டுக் காட்டுவார். நான் ஸ்பீக்கர் பெட்டியில் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வேன். அவர் அதை ரசனை என்று நினைத்துக்கொண்டார். ரசனைதான். இல்லை என்று யார் சொன்னது? ஆங்கிலம் எங்கள் இரண்டு பேருக்கும் வராது. அதனால் பாட்டுகளுக்கு நாங்களே பெயர் வைத்தோம். ஒன்றுக்கு 'சுடுகாட்டு பஸ்'. இன்னொன்றுக்கு 'மழை வராத ராத்திரி'. "எது நல்லா இருக்கு?" என்று கேட்பார். "இது நல்லா இருக்கு, இதுல அடி நடுங்குது, இது சும்மா சளசளப்பு" என்பேன். நான் நல்லா இருக்கிறது என்றதைத்தான் மற்றவர்கள் கேசட்டின் கடைசியிலும் போடுவார். ராஜபாளையத்தில் எத்தனை வீட்டில் திட்டு விழுந்திருக்கும் தெரியுமா? அத்தனைக்கும் நான்தான் காரணம்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்தும். என் காதைத் தின்றது மெஷின். எனக்கு மிஞ்சியதும் மெஷின் பாட்டுதான். ஷெட்டில் எட்டு மணி நேரம் என்னை அடிக்கிற அதே சத்தத்தை யாரோ எங்கேயோ உட்கார்ந்து ஒழுங்குபடுத்தி எனக்கு அனுப்பிவைத்த மாதிரி இருக்கும். சில நாள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பெட்டியை அமத்திவிடலாம் என்று வரும். ஆனாலும் கையை எடுக்க மாட்டேன்.

காசிராஜன் குரல் கனமான குரல். அது எனக்குக் கொஞ்சம் கேட்கும். ஒரு நாள் கேசட்டைத் துடைத்துக்கொண்டே, "என்னய இந்த ஊர்ல எல்லாரும் கிறுக்கன்னும்பாங்க, வேலுத்தாயி. பாட்டுன்னா என்னன்னு தெரிஞ்ச ஒரு ஆளு போதும் எனக்கு" என்றார். வாழ்க்கையில் என்னை யாரும் எதற்கும் அப்படிப் பார்த்ததில்லை. மில்லில் நான் ஒரு நம்பர். அம்மாவுக்கு நான் தள்ளிவிட வேண்டிய சுமை. இந்த ஒரு ஆளுக்கு மட்டும் நான் பாட்டு தெரிந்தவள். அந்த மதிப்பு போய்விடக் கூடாது என்பதுதான் அப்போது எனக்கு இருந்த ஒரே பயம். காது போனதற்குக்கூட நான் அப்படி பயந்ததில்லை. சொல்லிவிடலாம் என்று வாய் வரை வரும். சமுத்திரம் அண்ணாச்சியின் சிரிப்பு ஞாபகம் வரும். முழுங்கிவிடுவேன்.

காசிராஜனுக்காகச் சமுத்திரம் அண்ணாச்சியே வீட்டுக்கு வந்து பெண் கேட்டார். அம்மா சாமி படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காசிராஜனும் அவருடைய அம்மா அழகுத்தாயும் வருவதாகப் பேச்சு. வியாழக்கிழமை கடையில் காசிராஜன் சொன்னார்: "வீட்டுக்கு வந்து பொண்ண ஒரு பாட்டு பாடுன்னு கேக்கறதெல்லாம் எனக்குப் பிடிக்காது. நான் ஒனக்கு ஒரு பாட்டு கொண்டுவாரேன். புதுசு. நான் இதுவரைக்கும் கேட்டதுலயே இதான் உசத்தி. மெதுவான பாட்டு, டிரம்மே கிடையாது. ஒரு பொம்பளப் பிள்ள காத்து மாதிரி பாடுது."

டிரம் இல்லையென்றால் எனக்கு என்ன இருக்கிறது? வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். "சிரிச்சுக்கிட்டே இரு. முடிஞ்சதும் நல்லா இருக்குன்னு சொல்லு. அம்புட்டுத்தான்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சமுத்திரம் அண்ணாச்சியும் சேர்ந்து மூன்று பேராக வந்தார்கள். அழகுத்தாய் சிவப்புக் கல் மூக்குத்தி போட்ட பெரிய உருவம். நிறையப் பேசினார். நான் உதட்டை விடாமல் பார்த்துப் பதில் சொன்னேன். மிக்சர், காபி எல்லாம் ஆனது. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. காசிராஜன் தான் கொண்டுவந்த டேப் ரிக்கார்டரை நடுக்கூடத்தில் ஸ்டூல் மேல் வைத்தார். கேசட் கையிலிருந்து நழுவி விழ, எடுத்துத் துடைத்தார். கேசட்டைப் போட்டு பட்டனை அமுக்கிவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கேசட்டுக்குள் சக்கரம் சுற்றியது. எல்லோரும் பெட்டியையே பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, கேட்காது என்று தெரிந்துதானே உட்கார்ந்திருந்தேன். கண்ணைப் பாதி மூடினேன். சக்கரம் சுற்றுகிற வேகத்துக்குத் தலையை மெல்ல ஆட்டினேன். அம்மா என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். குனிந்து உட்கார் என்கிறாள் என்று நினைத்துக் குனிந்து உட்கார்ந்தேன். மறுபடியும் ஆட்டினேன். பெண் பாடுவது காற்று மாதிரி என்று சொன்னாரே, அந்தக் காற்றை மனதில் நினைத்துக்கொண்டேன். கண்ணில் உண்மையிலேயே தண்ணீர் வந்தது. நிமிர்ந்து, "இதுவரைக்கும் போட்டதுலயே இதான் ரொம்ப நல்லா இருக்கு" என்றேன்.

யாரும் அசையவில்லை. காசிராஜன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். எழுந்து போய் கேசட்டை வெளியே எடுத்தார். திருப்பிப் போட்டார். பட்டனை அமுக்கினார்.

அப்போதுதான் அழகுத்தாய் முகம் மாறியது. சமுத்திரம் அண்ணாச்சி காதைத் தீட்டிக்கொண்டு பெட்டிப் பக்கம் சாய்ந்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லோருக்கும் பாட்டு இப்போதுதான் வர ஆரம்பித்திருக்கிறது. அந்த மனுஷன் பதட்டத்தில் ஒன்றும் பதியாத பக்கத்தைப் போட்டிருக்கிறார். நான் காலி கேசட்டுக்குத் தலையாட்டி, கண்ணீர் விட்டு, நல்லா இருக்கு என்று சொல்லியிருக்கிறேன்.

"பொண்ணுக்குக் காது கேக்காதா?" அழகுத்தாய் என் அம்மாவைக் கேட்டார். உதட்டில் தெளிவாகத் தெரிந்தது.

"சளிம்மா. ரெண்டு நாளா சளி."

காசிராஜன் என் முன்னால் வந்து நின்றார். "அப்ப இத்தன நாளும்? சுடுகாட்டு பஸ்சு, மத்தது எல்லாம்... நீ ஒண்ணையுமே கேக்கலயா?"

அவர் முகத்தில் இருந்தது கோபமாக இருந்திருந்தால் தேவலை. ஏமாந்துபோன ஆளின் முகம் அது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பயமெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"கேட்டேன்!" என்றேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ தெரியாது, அழகுத்தாய் பின்னால் சாய்ந்தார். "எல்லாத்தையும் கேட்டேன். மேல இருக்கறது எனக்கு வராது, அடியில ஓடுறது வரும். அடியில இருந்ததக் கேட்டுத்தான் நல்லா இருக்கு, நல்லா இல்லன்னு சொன்னேன். அதுல ஒரு வார்த்தை பொய் கெடையாது. இன்னைக்குச் சொன்னது மட்டும்தான் பொய்."

அழகுத்தாய் எழுந்தார். அவருக்குப் பின்னால் காசிராஜனும் டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போனார். சமுத்திரம் அண்ணாச்சி மட்டும் வாசலில் செத்த நேரம் நின்று செருப்பைத் தேடுகிற மாதிரி தேடினார். செருப்பு அவர் காலில்தான் இருந்தது.

அம்மா அன்றைக்கு என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அதன் பிறகு நான் கடைப் பக்கம் போகவில்லை. ஒரு ஸ்டாப் தள்ளிப் போய் பஸ் ஏறினேன். ஊரில் பேச்சு பரவிவிட்டது. காசிராஜன் பாட்டுக்கு இருந்த ஒரே ரசிகைக்குக் காது கேட்காதாம். நன்றாக இருக்கிறதல்லவா கதை? நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். ஒரு நாள் சுடலையம்மாள் பிரேமுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வாயசைத்தாள்: "நேத்து காசிராஜன் கடையில ஒரு கேசட்டு வாங்குனேன். கடைசியில ஒண்ணுமே போடலடி. வெறுமனே விட்டுருதாராம் இப்பல்லாம்."

இழை அறுந்து பஞ்சு சுருண்டுகொண்டிருந்தது. நான் ஒட்டாமல் நின்றேன். என்னைக் கட்டிக்கொள்ளாவிட்டால் போகட்டும், அது அவர் இஷ்டம். ஆனால் எனக்குப் பிடித்த பாட்டையெல்லாம் பொய் என்று எடுத்துவிட்டாரே. அதை நினைத்துத்தான் அந்த ஷெட்டுக்குள் வாய்விட்டு அழுதேன். அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் அழலாம், யாருக்கும் கேட்காது.

ஆடி முடிகிற சமயம், நான் தள்ளிப் போய் நிற்கிற ஸ்டாப்புக்கே சமுத்திரம் அண்ணாச்சி வந்தார். டீக்கடையை விட்டு அவ்வளவு தூரம் அவர் நடந்து நான் பார்த்ததில்லை. என் முகத்துக்கு நேராக நின்று, உதட்டை அகல அகலத் திறந்து பேசினார். அப்படிப் பேசினால்தான் எனக்குப் புரிவது கஷ்டம், அது அவருக்கு எங்கே தெரியும்? கையில் ஒரு கேசட்டைக் கொடுத்தார்.

"காசி குடுத்தான், தாயி. கேட்டுட்டு எப்படி இருக்குன்னு ஒன்னய வந்து சொல்லச் சொன்னான்."

"பரிதாபப்பட்டுக் குடுத்தாராக்கும்?"

"எனக்கென்ன தெரியும். நாலு நாளா கடையப் பூட்டிக்கிட்டு டமடமன்னு இடிச்சுக்கிட்டு இருந்தான்." பிறகு தரையைப் பார்த்து ஏதோ சொன்னார். அது எனக்குத் தெரியவில்லை. மன்னிப்பாக இருக்கலாம். இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

வீட்டுக்கு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் போட்டேன். பரிதாபமாக இருந்தால் கேசட்டை உருவிக் கிணற்றில் போடுவது என்று முடிவோடுதான் போட்டேன். பெட்டி மேல் கையை வைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் தடார் என்று ஒரு இடி. இன்னொன்று. மெஷின் டிரம் இல்லை இது. ஒன்று பலமாக, ஒன்று சாய்ந்து, ஒன்று பயந்துகொண்டு விழுந்தது.

அம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். அவளைப் பிடித்து உட்கார வைத்து, "என்னம்மா இருக்கு இதுல?" என்றேன்.

அம்மா காதைச் சாய்த்துக் கேட்டாள். "அன்னைக்குப் போட்ட பாட்டுதாண்டி. அந்தப் பொம்பளப் பிள்ளதான் பாடுதா." இன்னும் கொஞ்சம் கேட்டாள். "கீழ எவனோ மேசையில ஓங்கி ஓங்கி அடிக்கான். இது என்னட்டி பாட்டா, தச்சு வேலையா?"

நான் கையை எடுக்கவில்லை. பாட்டு எனக்கு வரவே இல்லை. காசிராஜன் மேசையைத் தட்டுகிறது மட்டும்தான் வந்தது. முதலிலிருந்து கடைசி வரை ஒரு இடத்திலும் விடாமல் தட்டியிருந்தார். கேட்கக் கேட்க எனக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. ஏனென்றால் தாளம் நன்றாக இல்லை.

மறுநாள் ஷிப்ட் முடிந்து நேராகக் கடைக்குப் போனேன். டீக்கடையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். காசிராஜன் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். அவருடைய வலது உள்ளங்கை சிவந்து வீங்கியிருந்தது. தன் அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை என்று சொன்னார். நான் தலையாட்டினேன். எனக்கும் இந்த அடிச் சத்தம் எத்தனை நாளைக்கு மிஞ்சுமோ தெரியாது என்றேன். அவரும் தலையாட்டினார்.

ஸ்டூலை என் பக்கம் நகர்த்திவிட்டு, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். முன்பு கேட்பாரே, அதே மாதிரி கேட்டார். முகத்தில் அதே பயம், அதே ஆசை.

"நல்லா இல்ல" என்றேன். "நடுவுல கை அசந்துபோச்சு. கடைசியில அவசரப்படுதீங்க. திரும்பத் தட்டுங்க."

அவர் அந்தப் பாட்டுக் கேசட்டை எடுத்து, எந்தப் பக்கம் என்று இரண்டு தடவை பார்த்துப் போட்டார். நான் மேசையின் இந்தப் பக்கம் கையை வைத்துக்கொண்டேன்.